பழைய டீசல் ஜீப்பின் ரேடியேட்டரில் எதை ஊற்றுவது?

முப்பது வயதை நெருங்கிய ஒரு டீசல் ஜீப்பின் ரேடியேட்டரில் எதை ஊற்றுவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது? கேட்கச் சின்னக் கேள்விதான். ஆனால் நூறாண்டாக இதற்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன, அவை இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தண்ணீரே போதும் என்கிறது ஒரு தரப்பு. பழைய வண்டிக்குப் பச்சை கூலன்ட்தான் என்கிறது இன்னொன்று. சிவப்பை ஊற்றினால் ஐந்து ஆண்டு கவலையில்லை என்போரும் உண்டு. தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது என்போரும் உண்டு.

இவற்றில் எதுவும் வெறும் நம்பிக்கையில் பிறந்ததல்ல. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வகை என்ஜினில் உண்மையாகவே நேர்ந்த சேதத்தைப் பார்த்தபின் உருவான விடைகள் அவை. தாம் பிறந்த என்ஜினையும் அந்த ஊர்த் தண்ணீரையும் விட்டு வேறொரு வண்டிக்குப் போகும்போதுதான் பிழைபடுகின்றன. ஆகவே ஒவ்வொரு விடையும் எந்தச் சேதத்துக்குப் பதிலாக வந்தது என்று பார்ப்பது பயன் தரும்.

உரைகல்லாக ஓர் என்ஜினை வைத்துக்கொள்ளலாம். லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் 1994 முதல் வந்த 300 டிடிஐ. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அதன்மேல் அலுமினிய ஹெட். பிரிட்டிஷ் ராணுவம் முதல் ஆப்பிரிக்கச் சரணாலயங்கள் வரை ஓடி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் இது. கணினி இல்லாததால் காட்டிலும் கழற்றிப் பூட்டலாம் என்று பெயர் பெற்றது. அலுமினிய ஹெட் மட்டும் சூட்டைப் பொறுக்காது. கூலன்ட் குறைந்த நிலையில் சில நிமிடம் ஓடினாலே ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும்.

தண்ணீரே போதும் என்னும் தரப்பு

இந்தத் தரப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சூட்டை வாங்கிச் செல்வதில் தண்ணீருக்கு நிகரான மலிவான திரவம் வேறில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும்; உறைபனியைத் தடுக்கக் கலக்கும் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவைக்குச் சுமார் 3.4 போதும். வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீரே முந்துகிறது. உறைபனியே காணாத சமவெளியில் உறைவதைத் தடுக்கும் பொருளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. லேண்ட் ரோவரின் பழுதுபார்ப்பு நூல்களே இதை ஒப்புக்கொண்டன: உறைபனித் தடுப்பு தேவைப்படாத நாடுகளில் அதை விட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பதிலாக அரிப்புத் தடுப்பானைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றன.

நடைமுறையில் முதல் வாக்கியம் மட்டும் நினைவில் நின்றது, இரண்டாவது காணாமல் போனது. வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப் பற்றவைப்பு ஆகிய எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்து மின்தொடர்போடு இருக்கும்போது அரிப்பு தொடங்கிவிடும். அதிலும் அலுமினிய ஹெட்டே முதலில் பலியாகும். தடுப்பானாக முன்பு கரையும் எண்ணெய் ஊற்றினார்கள், அது ரப்பர் ஹோஸ்களை ஊறவைத்துக் கெடுத்தது. பெரிய டீசல் என்ஜின்களில் குரோமேட் உப்புகள் நன்றாகவே வேலை செய்தன, ஆனால் அவை மனிதருக்கு நஞ்சு என்பதால் கைவிடப்பட்டன.

இரண்டாவது குறை கொதிநிலை. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். லடாக்கின் கார்துங் லா கணவாயில் 82 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை இது பெரிதாகத் தெரியாது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்த வண்டியிலோ நிலைமை விபரீதமாகும். 300 டிடிஐயின் தெர்மோஸ்டாட் 88 டிகிரியில் திறப்பது. அப்படிப்பட்ட வண்டி வெறும் தண்ணீரோடு அந்தக் கணவாய்க்கு ஏறினால், தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே பிளாக்குக்குள் தண்ணீர் கொதிக்கும். சாலையில் வேகமாகப் போகும் காருக்கு எதிர்க்காற்று கிடைக்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு முதல் கியரில் ஊர்ந்து ஏறும் ஜீப்புக்கு ஃபேன் தரும் காற்றுதான் எல்லாம். எனவே மலைப்பாதை வண்டிக்குக் கொதிநிலை பற்றிய கவலை உறைநிலைக் கவலையை விட முக்கியம்.

கிளைக்கால் வந்த வழி

எத்திலீன் கிளைக்காலை பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல்-அடால்ஃப் வூர்ட்ஸ் 1856இல் தயாரித்தார். அது வண்டிகளுக்கு வர எழுபது ஆண்டு பிடித்தது. அதுவரை குளிர்நாட்டு ஓட்டுநர்கள் மெத்தனாலை ஊற்றினார்கள். அது உறையாது என்பது சரி, ஆனால் 65 டிகிரியிலேயே ஆவியாகிக் காணாமல் போகும். அமெரிக்காவில் 1927இல் பிரெஸ்டோனும், ஜெர்மனியில் 1929இல் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் கிளைசான்டினும் கிளைக்காலைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்ற எண்ணம் அப்போதே முளைத்தது, அப்போதே பொய்த்தும் போனது. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான என்ஜினின் தொடக்க வடிவங்கள் கலப்பில்லாத கிளைக்காலில் ஓடின. பின்னர் 70 பங்கு தண்ணீருக்கு 30 பங்கு கிளைக்கால் என்று மாற்றி, கலவையை அழுத்தத்தில் வைத்தார்கள். கலப்பில்லாத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டி உறையும், பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 வரை தாங்கும். கிளைக்காலும் தண்ணீரும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றன. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு 30 முதல் 40 விழுக்காடு போதும் என்ற வாதத்தில் வெப்பக் கணக்கு தவறவில்லை. ஆனால் அரிப்புத் தடுப்பான்கள் கிளைக்காலோடு கலந்தே விற்கப்படுகின்றன. கிளைக்காலைக் குறைத்தால் அவையும் குறைந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச விகிதத்துக்குக் கீழே போகாதிருக்க இதுவே காரணம்.

நிறச் சண்டையும் அதன் வேரும்

மெக்கானிக் கடைகளில் இன்று நடக்கும் வாதம் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியது. நிறம் என்பது சாயம் மட்டுமே. எந்த நிறத்தையும் எந்தச் சேர்மானத்திலும் போடலாம். ஒரே பச்சை நிறத்தில் மூன்று வேறு வேதிச் சேர்மானங்கள் கிடைக்கும் சந்தையில் நிறத்தைப் பார்த்து வாங்குவது ஆபத்து. பார்க்க வேண்டியது தடுப்பான் எது என்பதை.

பழைய மரபு கனிம உப்புகளுடையது. சிலிக்கேட் அலுமினியத்தின்மேல் விரைவாக ஒரு காப்புப் படலத்தை இடும். பாஸ்பேட், போரேட் முதலியன அமிலத்தைச் சமன் செய்யும். செம்புக்கும் பித்தளைக்கும் தனித் தடுப்பான்கள் சேர்க்கப்படும். இந்தக் கலவை பழைய உலோகங்களுக்கும் ஈயப் பற்றவைப்புக்கும் ஒத்துப்போகிறது என்பதற்குப் பல பத்தாண்டு அனுபவம் சாட்சி. விரைவாகத் தீர்ந்துபோவதே இதன் குறை, இரண்டு ஆண்டு என்பது வழக்கமான எல்லை. செறிவு மிகுந்தால் சிலிக்கேட் கூழாகத் திரண்டு ரேடியேட்டர் குழல்களை அடைக்கவும் செய்யும்.

இங்கே தண்ணீரின் புவியியல் குறுக்கிடுகிறது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் தண்ணீர் கடினமானது. பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கல் போன்ற படிவு உண்டாகும் என்பதால் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கினார்கள். ஜப்பானில் தண்ணீர் மென்மையானது, எனவே பாஸ்பேட் அங்கே சிக்கல் தரவில்லை. வாட்டர் பம்ப் சீலை சிலிக்கேட் தேய்க்கிறது என்ற கவலையில் அவர்கள் சிலிக்கேட்டை ஒதுக்கினார்கள். ஜப்பானிய டப்பாவில் வரும் பாஸ்பேட் கூலன்டைத் தமிழ்நாட்டின் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். குற்றம் கூலன்டினுடையதாகாது. டிஸ்டில்டு வாட்டரில் கலந்தாலோ, கலந்தே விற்பதை வாங்கினாலோ அந்தக் கேள்வியே எழாது. கனரக என்ஜின் தயாரிப்பாளர்கள் கலக்கும் தண்ணீருக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: லிட்டருக்குக் குளோரைடு 40 மில்லிகிராம், கடினத்தன்மை 170 மில்லிகிராம் போன்ற அளவுகள் அதில் வழக்கம். நம் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் இந்த வரம்புக்குள் அடங்காது.

புதிய மரபு கரிம அமிலத் தடுப்பான்களுடையது. ஜெனரல் மோட்டார்ஸ் 1990களின் நடுவில் ஆரஞ்சு நிற டெக்ஸ்-கூலைக் கொண்டுவந்தபோது இது பரவலானது. அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் இந்த அமிலங்கள் வேலை செய்வதால் மெதுவாகவே தீரும். ஐந்து ஆண்டு என்ற வாக்குறுதி அங்கிருந்து வந்தது. அதே டெக்ஸ்-கூல் சேறு படிதல், கேஸ்கட் கசிவு பற்றிய புகார்களால் நீதிமன்றத்துக்கும் போய், 2008இல் சமரசத்தில் முடிந்தது. கூலன்ட் குறைந்து காற்று புகுந்த வண்டிகளில் இந்தச் சேறு அதிகம் காணப்பட்டது. ஆகவே பழியை வேதியியலின்மேல் போடுவதா, பராமரிப்பின்மேல் போடுவதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

பழைய வண்டிகளுக்கு இந்த மரபு பொருந்துமா என்பதுதான் நம் கேள்வி. கரிம அமிலக் கூலன்டுகள் பழைய சீல்களையும் ஈயப் பற்றவைப்பையும் தாக்குகின்றன என்று பிரிட்டனின் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு எச்சரித்தது. எல்லாக் கரிமச் சேர்மானங்களையும் ஒரே கூடையில் போட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஓர் அமிலம் சிலிக்கோன் கேஸ்கட்டுகளையும் நைலான் உதிரிகளையும் மென்மையாக்குகிறது. அது இல்லாத சேர்மானங்களும் கிடைக்கின்றன. சிலிக்கேட்டையும் கரிம அமிலத்தையும் சேர்த்த கலப்பு வகை இடைவழியாக வந்தது. இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் கொண்ட 300 டிடிஐக்கு, பழைய கனிம வகையோ இந்தக் கலப்பு வகையோ பாதுகாப்பான தேர்வு என்று தோன்றுகிறது. லேண்ட் ரோவரே கரிம வகைக்கு மாறியது அடுத்து வந்த டிடி5 என்ஜினோடுதான்.

டீசலுக்கே உரிய துளை

பெட்ரோல் என்ஜின் அனுபவத்தை டீசலுக்கு அப்படியே கடத்துவோர் கவனிக்கத் தவறுவது சிலிண்டர் சுவரின் அதிர்வை. டீசலில் எரிப்பு திடீரென்று நிகழ்கிறது. பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் மோதும்போது சுவர் நுண்ணிய அளவில் அதிர்கிறது. சுவர் கூலன்டை விட்டு விலகும் கணத்தில் அங்கே அழுத்தம் விழுந்து ஆவிக்குமிழிகள் தோன்றுகின்றன. சுவர் திரும்பும்போது அவை வெடித்து ஒடுங்கி, உலோகத்தைக் குத்துகின்றன. இது லட்சக்கணக்கான முறை நடந்தபின் வெளிப்புறத்திலிருந்து ஊசித்துளை விழுந்து, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். கூலன்ட் நேரடியாகத் தொடும் வெட் லைனர் கொண்ட லாரி என்ஜின்களில் இது நெடுநாள் அறிந்த நோய். லைனர் இல்லாத அமெரிக்க 7.3 லிட்டர் டீசல் வி8 என்ஜினிலும் இது கண்டறியப்பட்டது.

விடையாக வந்தது நைட்ரைட். இரும்பின்மேல் கெட்டியான ஓர் ஆக்சைடு படலத்தை அது உண்டாக்குகிறது, குமிழி அந்தப் படலத்தைத்தான் குத்தும், படலமோ மீண்டும் வளரும். லாரி உலகில் நைட்ரைட்டை 1,200 பிபிஎம்முக்குக் கீழே விடாமல் சோதனைத் தாளால் அளந்து, குறைந்தால் கூட்டுவார்கள்.

இதைக் கேட்ட ஜீப் உரிமையாளர் சிலர் லாரிக் கூலன்டையே ஊற்றுகிறார்கள். இதில் தயக்கத்துக்கு இடமுண்டு. நைட்ரைட் அலுமினியத்தோடு வினைபுரிந்து அம்மோனியாவை உண்டாக்கி, கூலன்டின் காரத்தன்மையை உயர்த்தும். அலுமினியத்துக்கு மிகுகாரம் ஆகாது. இரும்பு ஹெட், இரும்பு பிளாக், வெட் லைனர் என்று அமைந்த பழைய டீசலுக்கு நைட்ரைட் வாதம் வலுவானது. பிளாக்கிலேயே சிலிண்டர் குடைந்து, சுவர் தடிமனாக இருக்கும் 300 டிடிஐ போன்ற சிறிய என்ஜினுக்கு அந்த வலு இல்லை. எந்த என்ஜின் என்று கேட்காமல் ‘டீசலுக்கு இதுதான்’ என்று சொல்வோரின் பேச்சை ஏற்க முடியாது.

தண்ணீரே கூடாது என்னும் தரப்பு

அமெரிக்காவின் எவான்ஸ் நிறுவனம் பரப்பிய தண்ணீரில்லாக் கூலன்டுக்கு 190 டிகிரியை ஒட்டிய கொதிநிலை உண்டு. அழுத்தம் ஏறாது, தண்ணீர் இல்லாததால் அரிப்பும் குறைவு. ஆனால் சூட்டைச் சுமக்கும் திறன் கலவையை விடவும் தாழ்வு, குளிரில் தடிப்பும் அதிகம். கொதிக்காதிருப்பதால் என்ஜின் சூடாகவில்லை என்று பொருளில்லை. ஹெட் வழக்கத்தை விடச் சூடாகவே ஓடக்கூடும். காட்டுப்பாதையில் ஹோஸ் கிழிந்தால் ஓடைத் தண்ணீரை ஊற்றி ஊர் திரும்பலாம், ஆனால் போட்ட விலை அத்தோடு போயிற்று. காட்சிக்கு நிறுத்தி, எப்போதோ எடுக்கும் வண்டிக்கு இது பொருந்தலாம். ஊர்ந்து மலையேறும் வண்டிக்குப் பரிந்துரைக்கத் தயக்கமாக இருக்கிறது.

வடித்தல், அலசல், நிரப்பல்

எந்தக் கூலன்ட் என்ற வாதத்தில் செலவாகும் கவனத்தில் பாதியை எப்படி மாற்றுகிறோம் என்பதில் செலுத்தினால் பல ஹெட்டுகள் தப்பும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்கிலும் ஹீட்டரிலும் பழையது கணிசமாகத் தங்கிவிடும். பிளாக்கின் வடிகால் திருகு துருவால் இறுகியிருக்கும். அதைத் தொடாமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதன் பின்னே கசடு அடைத்திருந்தால் திருகைக் கழற்றியும் ஒன்றும் வராது, கம்பியால் குத்திவிட வேண்டும். புதிய வகை கூலன்ட் பழைய வகையோடு கலந்து கெட்டுப்போனது என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் ஒரு பங்கு இந்த அரைகுறை வடிப்பால் வந்திருக்க வாய்ப்புண்டு.

அலசுவதில் இரு கட்சிகள். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும் அதே வேதியியலால் சிட்ரிக் அமிலம் துருவையும் சுண்ணாம்பையும் கரைக்கிறது என்பது ஒரு கட்சி. பழைய ரேடியேட்டரில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தப் படிவுதான், கரைத்தால் ஒழுகும் என்பது மற்றொன்று. இரண்டும் மெய். ஒழுகும் ரேடியேட்டரைப் படிவு காப்பாற்றுகிறது என்றால் அந்த ரேடியேட்டர் ஏற்கெனவே போய்விட்டது என்பதால் முதல் கட்சியின் பக்கமே நியாயம் அதிகம். ஒரு நிபந்தனை: அமிலத்தை நீண்ட நேரம் விடக் கூடாது, பின்னர் தெளிந்த தண்ணீர் வரும்வரை பலமுறை அலச வேண்டும். மிஞ்சிய அமிலம் புதிய கூலன்டின் தடுப்பானைத் தின்றுவிடும். அலசும்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைக்காவிட்டால் தண்ணீர் பாதி வழியில் திரும்பிவிடும்.

நிரப்புவதில்தான் 300 டிடிஐ பலரைக் கவிழ்த்திருக்கிறது. விரிவுத் தொட்டியில் அளவுக்கோடு வரை ஊற்றி மூடினால் தெர்மோஸ்டாட் கூட்டின் உச்சியில் காற்று அடைபட்டுவிடும். ரேடியேட்டர் மேலுள்ள அடைப்பானையும் தெர்மோஸ்டாட் கூட்டின் மேலுள்ள அடைப்பானையும் கழற்றிவிட்டு, தொட்டி வழியே மெதுவாக ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் நிறைந்ததும் அதன் அடைப்பானைப் பூட்டி, பிறகு தெர்மோஸ்டாட் கூட்டு வழியே நிரப்பி முடிக்க வேண்டும். காற்று தங்கினால் நேரும் கொடுமை, வெப்ப முள் அதைக் காட்டாமல் போவது. சென்சார் கூலன்டில் நனையாமல் காற்றில் நின்றால் முள் ஏறாது. ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதும் ஓட்டுநர் நிம்மதியாக இருப்பார். முதல் ஓட்டத்துக்குப் பின் வண்டி முழுதும் ஆறியபிறகு அளவைத் திரும்பப் பார்ப்பது கட்டாயம்.

வடித்த கூலன்டைப் பற்றியும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிளைக்கால் இனிக்கும். தரையில் தேங்கினால் நாயும் மாடும் நக்கும். உடலுக்குள் அது சிதைந்து ஆக்சலேட் படிகங்களாகிச் சிறுநீரகத்தை அழிக்கும். திறந்த தட்டில் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது, சாக்கடையில் கொட்டவே கூடாது.

எப்போது மாற்றுவது

இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்னும் எல்லைகள் சுத்தமான புதிய என்ஜினை வைத்துச் சொல்லப்பட்டவை. கிளைக்கால் சூட்டிலும் காற்றிலும் சிதைந்து அமிலமாகிறது; கேஸ்கட் வழியே எரிப்பு வாயு சிறிது கசியும் பழைய என்ஜினில் அது இன்னும் விரைவு. ஒளிமுறிவுமானி கிளைக்கால் அளவைக் காட்டும், தடுப்பான் மிஞ்சியிருக்கிறதா என்பதைச் சொல்லாது. அமில-காரச் சோதனைத் தாள் ஓரளவு சொல்லும், ஆனால் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் தொடக்க அளவு வேறு. கூலன்டில் மல்டிமீட்டர் முனையை விட்டு மில்லிவோல்ட் பார்ப்பது பரவலான வழக்கம். உலோகங்களுக்கு இடையிலான மின்னழுத்தத்தைத்தான் அது அளக்கிறது, தடுப்பானின் இருப்பை அளப்பதில்லை. இவற்றின் நடுவே, வரலாறு தெரியாத பழைய வண்டிக்கு எந்தக் கூலன்டானாலும் இரண்டு ஆண்டு எல்லையை ஏற்பதே விவேகம். கூலன்ட் மாற்றியும் சூடு குறையாவிட்டால் சேறு அடைத்த ரேடியேட்டர் துடுப்புகள், தளர்ந்த மூடி, ஃபேன் ஆகிய மூன்றையும் பார்த்தபின்தான் கூலன்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தீராத கேள்விகள்

கூலன்டுகளுக்கான அரிப்புச் சோதனைகளில் பெரிதும் நம்பப்படுவது ஏஎஸ்டிஎம் டி1384. செம்பு, ஈயப் பற்றவைப்பு, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகிய ஆறு உலோகத் துண்டுகளைக் கண்ணாடிக் கலனில் 88 டிகிரியில் 336 மணி நேரம் வைத்து எடை இழப்பைப் பார்ப்பார்கள். மோசமான கூலன்டை விலக்க இது உதவும். முப்பது ஆண்டு ஓடிய, பாதி துருப்பிடித்த, ஒருமுறை ஈயம் வைத்து ஒட்டிய ரேடியேட்டரில் கரிமக் கூலன்ட் பத்து ஆண்டில் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு வாரக் கண்ணாடிக் கலன் விடை தராது. பழைய வாகனச் சங்கங்களின் எச்சரிக்கையோ நேர்ந்த சேதங்களின் தொகுப்பு. சேதமில்லாமல் ஓடிய வண்டிகள் அதில் இடம்பெற வழியில்லை. எனவே இரு பக்கச் சான்றும் அரைகுறை.

பழைய செம்பு ரேடியேட்டரை எடுத்துவிட்டு அலுமினிய ரேடியேட்டர் பொருத்திய வண்டிகள் பெருகிவருவதால் சிக்கல் கூடுகிறது. அந்த வண்டியின் பழைய கையேடு சொல்லும் கூலன்ட் அதற்குப் பொருந்துமா என்பதைக் கையேடு எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. சிறிய டீசல்களில் நைட்ரைட் உண்மையிலேயே வேண்டுமா என்பதும் லாரி அனுபவத்திலிருந்து ஊகிக்கப்படுவதே தவிர, அந்த என்ஜின்களை வைத்து நிறுவப்பட்டதாகத் தெரியவில்லை. சான்றுகள் இல்லாமலும் இல்லை. கோர் மாற்ற வரும் ரேடியேட்டர்களும், வளைந்து வரும் ஹெட்டுகளும் நாள்தோறும் ஒர்க்‌ஷாப்புகளில் பிரிக்கப்படுகின்றன. எந்தக் கூலன்ட், எந்தத் தண்ணீர், எத்தனை ஆண்டு என்ற மூன்று விவரங்களை அவற்றோடு சேர்த்துக் குறித்துவைக்கும் வழக்கம் வந்தால், மேலே சொன்ன கேள்விகளில் ஈயப் பற்றவைப்பு பற்றியதாவது சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.